இருநூற்றுப் பதினான்கு கமாக்கள்

ஓக் ஃபெரி, விஸ்கான்சின்
1986 அக்டோபர் 26, ஞாயிறு மதியம்

அன்புள்ள கரின்,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளை க்ளெனும் சியாட்டில் மழையில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலை ஆலயத்திலும் வேண்டிக்கொண்டேன். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்க வேண்டாம். அன்றைக்குப் போனில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை கூப்பிட்டபோது நான் துணி உலர்த்தப் போயிருக்கிறேன் என்று அப்பா சொன்னாரே, அது பொய், நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், சொல்லச் சொன்னதும் நான்தான். வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. அதற்குப் பதில்தான் இது, ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதற்குள் போக மாட்டேன், முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்கால ஜன்னல்களை அப்பா போன வாரமே மாட்டிவிட்டார், ஏணியிலிருந்து இறங்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது, டாக்டரிடம் போகச் சொன்னால் எனக்கென்ன வயசாயிடுச்சா என்கிறார், அறுபத்து மூன்று ஆகிறது. பின்னால் இருக்கிற ஆப்பிள் மரம் இந்த வருஷம் கொட்டித் தீர்த்தது, பதினெட்டு பாட்டில் ஆப்பிள் கூழ் போட்டு அடைத்து வைத்திருக்கிறேன், உனக்கு ஆறு அனுப்புவதாக இருந்தேன், இப்போதைக்கு அனுப்பவில்லை. கோபம் ஆறட்டும். ரூத் சித்திக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு மட்டும் எப்படியோ நடந்து வந்துவிடுகிறாள். அங்கே எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. இந்த ஊரில் ஒரு பெண் வேலையை இழந்தால் அது மீன் ஆறுவதற்குள் எல்லா மேசைக்கும் போய்விடுகிறது.

ஆமாம், வேலை போய்விட்டது. டெட்மர் அச்சகத்தில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்த மேசையிலிருந்து முந்தாநாள் எழுந்து வந்துவிட்டேன். அந்த மேசையில் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், மறந்துவிட்டாய் போலிருக்கிறது. எதிரே உட்காரும் மார்ஜ் கையில் எழுதியவருடைய மூலப்படி. என் கையில் அச்சுப்படி. அவள் உரக்க வாசிப்பாள், ஒரு வார்த்தை விடாமல், கமா வந்தால் 'காம்', முற்றுப்புள்ளி வந்தால் 'பாயின்ட்', பெரிய எழுத்து வந்தால் 'கேப்'. நான் அவள் வாயில் வருவதைக் காதில் வாங்கி அச்சோடு ஒத்துப்பார்த்து, விட்டுப்போனதை ஓரத்தில் பென்சிலால் குறிப்பேன். தாள் முடிந்ததும் அடியில் இரண்டு பேரும் பெயரின் முதல் எழுத்துகளைப் போடுவோம். நான் அவள் தாளைப் பார்ப்பதில்லை, அவள் என் தாளைப் பார்ப்பதில்லை. அவள் கண், என் காது, அவ்வளவுதான் அந்தத் தொழில். ஏழு வயதில் நீ சாப்பாட்டு மேசையில் ஜெபம் சொல்லும்போது காம், பாயின்ட் எல்லாம் சேர்த்துச் சொல்லி முடித்தாய், அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அப்போது மார்ஜும் நம் மேசையில்தான் இருந்தாள். எந்த நல்ல நாளில் அவள் இல்லாமல் இருந்தாள்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இலையுதிர் காலத்தில் அவள் வாசிப்பில் காம் குறைய ஆரம்பித்தது. வார்த்தை எல்லாம் சரியாக வரும், அது பெரிதாக இருக்கிறதே. அந்தச் சின்ன வால்தான் அவள் கண்ணுக்கு அகப்படவில்லை. தாளை மூக்குக்கிட்டே கொண்டுபோவாள், விளக்கு சரியில்லை என்பாள், டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் போட மாட்டேன் என்கிறார்களே இந்தக் கருமிகள் என்று எழுதியவர்களைத் திட்டுவாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. டெட்மருக்குத் தெரிந்தால் மறுநாளே அனுப்பிவிடுவார், புருஷன் போன பிறகு அவளுக்கு அந்த மேசைதான் எல்லாம். அதனால் நான் ஒன்றும் சொல்லாமல் என் பாட்டுக்கு இட்டு நிரப்பிக்கொண்டேன். நம் அச்சகத்து வழக்கம் உனக்கே தெரியும், இரண்டு முழு வாக்கியத்தை 'அண்ட்' என்றோ 'பட்' என்றோ 'சோ' என்றோ சொல்லி ஒன்றாகக் கோத்தால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கமா நிற்க வேண்டும். மூலப்படி அனுப்புகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போட்டுத்தான் அனுப்புவார்கள். ஆகவே மார்ஜ் சொல்லாமல் விட்டாலும் அங்கே இருக்கத்தான் இருக்கும் என்று நான் போட்டுவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவளிடம் சொல்லவில்லை, டெட்மரிடம் சொல்லவில்லை, உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் அந்த வருஷக் கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதினேன், மார்ஜுக்குத் தெரிந்தால் மானம் போய்விட்டதாக நினைப்பாள், மூச்சு விடாதே என்று எழுதினேன். நீயும், 'அம்மா, நீ நல்லவள்' என்று பதில் எழுதினாய். அந்தக் கடிதத்தை இன்றைக்குத் தேடி எடுத்து மறுபடி படித்தேன்.

இந்த ஏப்ரலில் மார்ஜ், உன் ஊருக்குப் பக்கத்தில் டகோமாவில் இருக்கிற அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். நான்தான் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன், வழிக்கு ஹாம் வைத்த ரொட்டி கட்டிக்கொடுத்தேன். திரும்பி வந்ததும் அவள் வாசிப்பில் காம் கூடியிருந்தது. நான் கவனிக்காமல் இல்லை. பத்தில் ஆறு சொல்லிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். வெயில் காலம் வந்துவிட்டது, ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, போதாததற்கு வழக்கம் அவளுக்கும் மனப்பாடம், ஊகித்துச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம் எவ்வளவு பாடுபடுகிறாள் என்று இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது எனக்கு என் முகத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஜூன் மாதம் நீதிபதி ஸ்ட்ராண்டின் புத்தகம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் தன் தகப்பனாரைப் பற்றி எழுதியது, பேரப்பிள்ளைகளுக்கும் ஊர் நூலகத்துக்கும் கொடுக்க முந்நூறு பிரதி. மார்ஜ் வாசிக்க உட்கார்ந்தாள், முதல் பக்கத்திலேயே காம் நின்றுவிட்டது. தொழுவம் தீப்பிடித்த அத்தியாயத்தில் 'அண்ட்' மேல் 'அண்ட்' வருகிறது, அப்பா ஓடினார், குதிரையை அவிழ்த்தார், கூரை விழுந்தது என்று, ஒன்றுக்கு முன்னாலும் அவள் காம் சொல்லவில்லை. ஐயோ, கண் மறுபடி இருட்டிவிட்டது, முன்னைவிட மோசம் என்று நினைத்தேன். அச்சு கோத்தவனும் ஒன்றும் போடாமல் இருந்தான், அவன் புதிது, விட்டிருப்பான் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகக் குறித்துப் போட்டேன். கண்ணுக்குத் தெரியாததால் சொல்லாமல் விடுவதும், அங்கே இல்லாததால் சொல்லாமல் இருப்பதும் காதுக்கு ஒன்றுதான், கரின். எனக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. அந்த நேரம் நீதிபதி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார், நீங்களே பார்த்து அச்சடித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த மாதம் ஆறாம் தேதி ஊன்றுகோலோடு அவரே வந்தார். புத்தகத்தை டெட்மர் மேசையில் விரித்து வைத்தார், ஒவ்வொரு கமாவையும் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார், மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கப்பா பேசினா மூச்சு விடமாட்டார். சொல்ல ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் ஒரே ஓட்டம். அதை அப்படியே எழுதறதுக்கு எனக்கு நாலு வருஷம் ஆச்சு. நீங்க ஏம்மா அவரை இருநூறு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வெச்சீங்க?" என்று கேட்டார். நான் அவர் எழுதிய அந்தத் தீ அத்தியாயத்தை அப்போதுதான் கமா இல்லாமல் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். என் கமாக்களோடு அந்தக் கிழவர் நின்று நின்று ஓடினார், தொழுவம் அவருக்காகக் காத்திருந்து விழுந்த மாதிரி இருந்தது.

டெட்மர் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார். மூலப்படி ஒரு பக்கம், என் பென்சில் குறி போட்ட தாள் ஒரு பக்கம், அடியில் என் வெ.ஹா., அவள் மா.கூ. என்று இரண்டு பெயரும். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பிழை தப்பிப் போயிருக்கிறது, ஒரு தடவையும் யார் விட்டது என்று நாங்கள் சொன்னதில்லை, நாங்க விட்டுட்டோம் என்றுதான் சொல்வோம், அது எங்களுக்குள் இருந்த நியாயம். அன்றைக்கு மார்ஜ் என் பக்கம் திரும்பாமலே, "நான் தாள்ல இருந்ததைத்தான் படிச்சேன், மிஸ்டர் டெட்மர். காம் இல்லாத இடத்துல காம் சொல்லல. போட்டது அவ" என்றாள். அவ என்றாள், பெயர்கூட இல்லை. எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை, "உனக்குக் கண்ணு தெரியாதேடி, ரெண்டு வருஷமா உனக்காகத்தானே நான் போட்டுக்கிட்டு வரேன்" என்று டெட்மர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். காப்பாற்றி வைத்ததை நானே போட்டு உடைத்தேன். அவள் வெளுத்துப்போனாள். பிறகு எழுந்து அறையின் ஒரு கோடிக்குப் போய், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் அடியில் எறும்பு மாதிரி இருக்கிற எழுத்தை அங்கே நின்றபடியே படித்துக் காட்டினாள். "ஏப்ரல்லயே ஆபரேஷன் ஆச்சு. நம்பலைன்னா உன் பொண்ணைக் கேளு. அவதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, அவ வீட்லதான் எட்டு நாள் படுத்திருந்தேன்" என்றாள்.

அந்த இடத்தில் டெட்மர் என்ன சொன்னார், நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்பதெல்லாம் எனக்குத் தெளிவாக நினைவில்லை. உன் வீட்டில் எட்டு நாள். நான் தைத்துக் கொடுத்த போர்வையைத்தான் அவளுக்குப் போர்த்தியிருப்பாய். அந்த எட்டு நாளில் நீ எனக்கு ஒரு கடிதம் எழுதினாய், தேதியைப் பார்த்தேன், ஏப்ரல் பதினேழு, டூலிப் பூ பூத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். போனில் நீ சொன்னதை நான் மறக்க மாட்டேன், "ரெண்டு பேருமே சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினீங்க, நான் என்னம்மா செய்யறது?" என்றாய். மார்ஜ் சத்தியம் வாங்கினாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அவள் கண் கெட்டிருந்தது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது, வேலைக்குப் பயந்தாள். நான் சத்தியம் வாங்கினேன் என்றால் அவளுக்கு வலிக்கக்கூடாது என்று. ஆளுக்குப் பாதி தெரியும். முழுசும் தெரிந்தவள் இந்தப் பூமியில் நீ ஒருத்திதான். 'அம்மா, இனிமேல் மார்ஜ் சொல்வதை நம்பிக் குறி' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எதற்கு என்றுகூடச் சொல்ல வேண்டாம். நான் புரிந்துகொண்டிருப்பேன். கண் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து பெயர் பதிகிற வேலை பார்க்கிறவள், மார்ஜுக்குக் கண் தெளிந்த பிறகு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக்கூடாதா? இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு நடுவில் என்னை விட்டுவிட்டாய். மார்ஜ் அவ என்று சொன்னதுகூட எனக்கு ஆறிவிடும். இது ஆறவில்லை.

டெட்மர் கெட்டவர் இல்லை, கண்டிப்பானவர். காதில் விழாததைப் போடுகிறவளை இந்த மேசையில் வைத்துக்கொள்ள முடியாது, வெர்னா, நாளைக்கு மருந்துக் குப்பியில் ஒட்டுகிற சீட்டு அச்சுக்கு வந்து, அதிலும் உனக்குத் தோன்றியதைப் போட்டால் என்ன செய்வேன் என்றார். நீதிபதியின் புத்தகத்தை முழுக்கத் திருப்பி அச்சடித்துக் கொடுப்பது, அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே மறுபடி படித்துத் திருத்துவது, அதோடு நான் போவது என்று முடிவாயிற்று. போன செவ்வாயிலிருந்து வெள்ளி வரைக்கும் நான்கு நாள் அதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். காலை வணக்கம் கிடையாது, மதியச் சாப்பாட்டை அவள் கீழே போய்ச் சாப்பிட்டாள், நான் கோட்டுகள் மாட்டுகிற அறையில் சாப்பிட்டேன். புத்தகத்தில் இருந்ததைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாசித்தாள், நான் கேட்டபடி மட்டும் குறித்தேன். அவள் சொல்லாத இடத்தில் என் பென்சில் தானாக இறங்கப் பார்த்தது, விரலை மடக்கிக்கொண்டேன். இருநூற்றுப் பதினான்கையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். கூரை விழுந்த பக்கம் வந்தபோது அவள் மூச்சு விடாமல் படித்தாள், நானும் மூச்சு விடவில்லை.

கடைசித் தாளின் கடைசி வரி முடிந்தது, பாயின்ட் என்றாள். நான் பெயர் போடப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். அவள் தாளை விட்டுத் தலையைத் தூக்காமல், அதே வாசிக்கிற குரலில், ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாமல், "கேப் வெர்னா காம் நீ போட்டுக்கிட்டு வந்தது எனக்குத் தெரியாது காம் ஆனா நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்கல பாயின்ட்" என்று வாசித்தாள். என் கையில் இருக்கிற தாளில் அப்படி ஒரு வரி இல்லை என்று சொன்னேன். இல்லதான், விட்டுடு என்றாள். நான் வெ.ஹா. என்று போட்டுத் தள்ளினேன், அவள் மா.கூ. என்று போட்டாள், கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் அவள் வரவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. விட்டுடு என்றாளே, எங்கே விடுகிறது, இரண்டு நாளாகப் பாத்திரம் கழுவும்போதும் காதில் அதுதான் ஓடுகிறது. அவளுக்கும் என்மேல் அதே கோபம்தான், இரண்டு வருஷம் அவள் வாயில் வந்ததை நம்பாமல் எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டியிருக்கிறேன். நான் அதை உதவி என்று நினைத்தேன். அவள் பக்கம் நின்று பார்த்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஒப்புக்கொள்ளக் கசக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், மன்னிப்பு மூன்று இடத்தில் இருக்கிறது, பார்த்தேன். நவம்பர் கடைசியில் நன்றி செலுத்தும் நாளுக்கு வரப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய், நான் என்றுதான் இருக்கிறது, நாங்கள் என்று இல்லை. க்ளெனைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. செப்டம்பர் கடிதத்தில் கார் பழுதுபார்த்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய், யார் ஓட்டிக்கொண்டு போனார் என்று இல்லை. முன்பெல்லாம் நீ எழுதாமல் விட்ட இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், எழுத மறந்திருப்பாள் என்று நானே போட்டு நிரப்பிக்கொண்டு தூங்கிவிடுவேன். இனிமேல் செய்ய மாட்டேன், அந்தக் கை போய்விட்டது. இருந்தும் நீ எழுதாமல் விட்டாயா, இல்லாததால் விட்டாயா என்று இங்கே உட்கார்ந்து எனக்குத் தெரியாது. என்ன இருக்கிறதோ அதைச் சொல். நல்லது இல்லை என்றால் அதையும் சொல். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன் என்று எழுதப் பார்த்தேன், இந்த வீட்டில் சத்தியம் செய்தது போதும், அவருக்கும் சேர்த்தே எழுது.

கோபம் இருக்கிறது, ஆசீர்வாதமும் இருக்கிறது, ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடவில்லை. கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், நல்ல சாப்பாடு சாப்பிடு, கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதத்தை அடியில் உன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டு எனக்கே திருப்பி அனுப்பு, இடம் விட்டிருக்கிறேன். நீ இதை முழுக்கப் படித்தாய் என்று நானாக நினைத்துக்கொள்ளப் போவதில்லை.

உன் அம்மா,
வெ.ஹா.

க. __________